நோயுற்ற உடலும் நோயுறா உள்ளமும்



பகவான் புத்தர் பர்க்க நாட்டிலே, சுஞ்சுமாரகிரி என்னும் நகரை அடுத்த பேசகளா வனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், நகுலபிதா என்னும் முதிய இல்லறத்தார் அவரைக் காண வந்தார். வணங்கி ஒருபுறம் அமர்ந்து தம் குறையைச் சொல்லிக்கொண்டார். தாம் கிழப்பருவம் எய்திவிட்டதையும், உடல் ஓயாமல் நோய்வாய்ப்பட்டிருப்பதையும், அதனால் பகவானையும் பிக்குகளையும் அடிக்கடி வந்து தரிசிக்க இயலாமற் போவதையும் கூறி, தமக்கு நெடுநாள் நன்மை பயக்கும் அறவுரை ஒன்று வேண்டினார். பகவான் அவர் கூற்றை மறுக்கவில்லை. உடல் நோயுற்றிருப்பது மெய்யே என்று முதலில் ஒப்புக்கொண்டார். இவ்வுடலைச் சுமந்துகொண்டு, ஒரு கணமேனும் தனக்கு நோயே இல்லை என்று சொல்லுபவன் பேதையே அன்றி வேறு யார் என்றும் கூறினார். அதன் பின்னரே, உடல் நோயுற்றிருந்தாலும் உள்ளம் நோயுறாதிருக்கும்படி பயில வேண்டும் என்று உபதேசித்தருளினார். நகுலபிதா தெளிந்த முகத்தோடு எழுந்து சென்றார். அம்முகத்தைக் கண்ட சாரிபுத்தர், அவர் கேட்ட அறவுரையின் பொருளை விரித்துரைத்தார். இவ்வுடலே நான், இவ்வுடல் என்னுடையது என்று பற்றிக்கொண்டு வாழ்பவனுக்கு, உடல் மாறும்பொழுது உள்ளமும் உடன் நோயுறுகின்றது. அப்பற்று நீங்கியவனுக்கு உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறுவதில்லை என்பதே அவ்விளக்கம்.

இவ்வறவுரையை நம்மிற் பலர் கேட்டிருக்கின்றோம். எனினும், அதனைப் பிழைபட எடுத்தாள்வோரும் நம் இல்லங்களில் உளர். முதியவர் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது, கால் எரிகிறது, உறக்கம் வரவில்லை என்று முறையிடும்பொழுது, "மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லித் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். பகவான் செய்தது அதுவன்று. நோயை மெய்யென்று ஏற்றபின் அவர் உள்ளத்திற்கு மருந்து தந்தார். அவ்வேற்பு இன்றி மொழியும் அறிவுரை மருந்தாகாது, ஏச்சாகவே முடியும். முதுமையில் உள்ளத்தின் வழியாக உடலில் தோன்றும் நோயைப் பற்றியும், அதற்குரிய சிகிச்சையைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

நோய் இருவகைப்படும் என்று பகவான் வகுத்துக் காட்டியுள்ளார். உடல்நோய் ஒன்று, உள்ளநோய் மற்றொன்று. ஓராண்டு, பத்தாண்டு, நூறாண்டுகூட உடல்நோயின்றி வாழ்பவரைக் காணலாம். உள்ளநோயின்றி ஒரு கணமேனும் இருப்பவர், ஆசவங்களை அழித்த அரகந்தரை அன்றி, உலகில் அரியர் என்பது அவர் கருத்து. ஆதலின், உள்ளநோய் உற்றவரை இழிவாக நோக்க நமக்கு உரிமை இல்லை. அது அவர்க்கு மட்டும் உரிய குறையன்று. நம் எல்லோர்க்கும் பொதுவான நிலை.

இவ்விருவகை நோயும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்பன அல்ல. மனம் கலங்கும்பொழுது, அக்கலக்கம் நரம்புகளின் வழியாகவும், அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்களின் வழியாகவும் உடலெங்கும் பரவுகின்றது. நெஞ்சு படபடக்கின்றது, இரத்த அழுத்தம் ஏறுகின்றது, தசைகள் இறுகுகின்றன, குடலின் இயக்கம் மாறுகின்றது, உறக்கம் கெடுகின்றது. சிறிது பொழுதில் தணியவேண்டிய இந்நிலை மாதக்கணக்கில் நீடிக்குமாயின், இறுகிய தசை நோவாகின்றது. நோவு உறக்கத்தைக் கெடுக்கின்றது. உறக்கமின்மை நோவை மேலும் வளர்க்கின்றது. இவ்வாறு ஒன்று மற்றொன்றிற்குச் சார்பாகித் தோன்றுவதை, சார்பின் தோற்றத்தைப் பயிலும் பௌத்தராகிய நாம் எளிதில் உணரலாம்.

உள்ளத்தின் துயர் உடலை எவ்வளவு தாக்கவல்லது என்பதற்கு ஒரு சான்று காட்டுவேன். 1990-ஆம் ஆண்டில் சப்பானிய மருத்துவர்கள் ஓர் இதயநோயைப் பற்றி எழுதினார்கள். அன்புக்குரியவரை இழத்தல் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின், மாரடைப்பைப் போன்ற கடும் நெஞ்சுவலி தோன்றுகின்றது. ஆனால் அந்நோயை விளக்கத்தக்க அடைப்பு இதயத்தின் குருதிக் குழாய்களில் காணப்படுவதில்லை. இதயத்தின் இடக் கீழறையோ தன் உருவம் மாறி உப்பிக் கிடக்கின்றது. அவ்வுருவம் அந்நாட்டு மீனவர் பேய்க்கணவாய் பிடிக்கும் சாடியைப் போன்று இருந்தமையால், அச்சாடியின் பெயராகிய 'டகோட்சுபோ' என்பதையே அந்நோய்க்கு இட்டனர். மாதவிலக்கு நின்ற முதிய மகளிர்க்கே இது பெரும்பாலும் வருகின்றது. உரிய சிகிச்சை கிடைப்பின் பலர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். தொடக்கத்தில் உயிருக்கு இடர் நேர்வதும் உண்டு. நெஞ்சு உடைந்தது என்று நம் பாட்டிமார் சொன்ன சொல் வெறும் உவமை அன்று என்பதை இது காட்டுகின்றது அன்றோ!

இனி, முதியோரிடத்தில் இந்நோய் எவ்வாறு தோன்றுகின்றது என்று பார்ப்போம். இளையவர் மனம் சோர்ந்தால், "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லுவார். முதியவரோ பெரும்பாலும் அவ்வாறு சொல்லுவதில்லை. அவர் வளர்ந்த காலத்தில் மனத்துயரை வெளியிடுவது மதிப்புக் குறைவாகக் கருதப்பட்டது. ஆகவே அவருடைய துயர் உடலின் மொழியிலே பேசுகின்றது. பசி இல்லை, வயிறு உப்புகிறது, தலை கனக்கிறது, உடம்பெல்லாம் குடைகிறது, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்பன போன்ற முறையீடுகள் எழுகின்றன. சோதனைகளில் பெரிதாக ஒன்றும் புலப்படுவதில்லை. வீட்டார் சலித்துப் போகின்றனர்.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். மாரிக்குப்பத்திலே தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிய நிலம் அது. அப்பாதுரையார் 1926-இல் 'தமிழன்' இதழை மீண்டும் தொடங்கி நடத்திய ஊர் அது. அவ்வூரின் பொற்சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பெப்ருவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. நிலத்தடியில் இளமையைக் கழித்தவர்கள் வேலையையும் ஊதியத்தையும் மட்டும் இழக்கவில்லை. நாள்தோறும் உடன் இறங்கி உடன் ஏறிய தோழமையையும் இழந்தனர். இன்று அவர்கள் முதியோர். பிள்ளைகளும் பேரர்களும் விடியுமுன் பெங்களூருக்கு இரயிலேறி, இருட்டிய பின் திரும்புகின்றனர். பகல் முழுதும் தனித்திருக்கும் முதியவருக்குத் தம் உடலின் ஒவ்வொரு துடிப்பும் பெரிதாகக் கேட்கின்றது. இதில் வியப்பென்ன? பேச ஆளில்லாத வீட்டில் உடல்தான் பேசும்.

இத்தகைய முதியவரிடத்தில் நாம் செய்யும் பிழைகள் மூன்று.

முதலாவது, பாசாங்கு என்று தள்ளுவது. உள்ளத்தின் வழியாக வந்த வலி, வலியே. அதனை அவர் புனையவில்லை; படுகின்றார். நோய்களை வகைப்படுத்தும் மருத்துவரும் இவ்விடத்தில் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டனர். உடலிற் காரணம் காணப்படாமையே இந்நோயின் இன்றியமையா அடையாளம் என்று கொண்டிருந்த முறையை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூல் கைவிட்டது. மெய்யான இதயநோய் உடைய ஒருவரே, அதனைக் குறித்த இடையறா அச்சத்தாலும் நோயுறலாம். நகுலபிதாவின் முன் பகவான் வகுத்துரைத்ததும் இதுவே அன்றோ! உடலும் நோயுற்று, உள்ளமும் நோயுறும் நிலை ஒன்று உண்டு.

இரண்டாவது, முன்வினை என்றோ பேய்க்கோளாறு என்றோ முடிவு கட்டி, மந்திரிப்பவரிடமும் குறி சொல்பவரிடமும் இட்டுச் செல்வது. மோளியசீவகன் என்னும் துறவி ஒருவன் பகவானை அணுகி, மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையின் பயனே என்று சிலர் சொல்லுகின்றனரே, அது சரியா என்று கேட்டான். பகவான் அதனை ஏற்கவில்லை. பித்தத்தாலும், சிலேத்துமத்தாலும், வாதத்தாலும், அவை மூன்றும் கூடுவதாலும், பருவமாறுதலாலும், உடலைப் பேணும் முறை தவறுவதாலும், பிறர் தாக்குவதாலும் துன்பம் தோன்றுவதைக் காட்டி, எட்டாவதாகவே வினையைக் கூறினார். எல்லாம் முன்வினையே என்போர் கண்கூடாக அறியப்படுவதையும், உலகம் உண்மையென ஒப்புவதையும் மீறிப் பேசுகின்றனர் என்றார். அண்ணல் அம்பேத்கரும், 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், முன்பிறவி வினைக்கோட்பாடு மனித முயற்சிக்கு இடமில்லாமற் செய்துவிடும் என்று எச்சரித்துள்ளார். பண்டிதர் அயோத்திதாசரோ தாமே சித்த வைத்தியராக விளங்கியவர். அவர் வழிவந்த நாம் நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் வினையின்மேற் பழி போடுவது தகுமா? தலைமுறை தலைமுறையாக நம் இழிவையெல்லாம் முன்வினை என்று சொல்லி நம்மை அடக்கி வைத்தார்கள். அச்சொல்லையே நாம் நம் வயது முதிர்ந்த தாயின்மேல் வீசலாமா?

மூன்றாவது, மாத்திரைகளை மலைபோற் குவிப்பது. ஒரு வலிக்கு ஒரு மருத்துவர், மற்றொரு வலிக்கு வேறொரு மருத்துவர் என்று சுற்றி, ஒருவர் கொடுத்தது மற்றவர்க்குத் தெரியாமல், கடையிற் கேட்டு வாங்கியவற்றையும் சேர்த்து உண்ணுகின்றனர். முதிய உடலில் மருந்து வெளியேற நெடுநேரமாகும். வலி மாத்திரைகள் பல இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தூக்க மாத்திரைகள் பல தள்ளாட்டத்தையும் மறதியையும் உண்டாக்கும்; இரவில் எழுந்து நடக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் எத்துணையர்! நோயைத் தீர்க்க எடுத்தது புதிய நோயாகி விடுகின்றது.

இம்மூன்று பிழைகளையும் நீக்கியபின் செய்யத்தக்கது யாது?

முதலிற் செய்யவேண்டியது, உடலைச் செவ்வனே சோதிப்பது. 'மனத்தால் வந்தது' என்னும் சொல், சோதித்த மருத்துவரின் வாயிலிருந்து வரவேண்டுமே அன்றி நம் வாயிலிருந்து வரலாகாது. சுரங்கத்தில் உழைத்தவருக்கு மூச்சுத் திணறுமாயின், கற்றூளால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிசு நோயை முதலில் நினைக்க வேண்டும். சோர்வுக்குத் தைராய்டுச் சுரப்பியின் குறையும், இரத்தச் சோகையும், வைட்டமின் பி12 குறைவும் காரணமாகலாம். முதியோர்க்கு மாரடைப்புங்கூட நெஞ்சுவலி இன்றி, வெறும் மூச்சிரைப்பாகவோ களைப்பாகவோ வரக்கூடும். புதிதாகத் தோன்றிய வலி, உடல் மெலிவு, திடீர்க் குழப்பம் ஆகியவற்றை ஒருபோதும் மனத்தின்மேல் ஏற்றிவிடலாகாது. காதும் கண்ணும் மங்கியிருப்பின் அவற்றையும் திருத்த வேண்டும். கேளாமையால் தனித்துப்போன முதியவர்க்குக் காதுக்கருவியும் ஒரு மனமருந்தே.

உள்ளத்தின் பங்கும் உண்டு என்று தெளிந்தபின், ஒரே மருத்துவரை நம்பி, குறித்த இடைவெளியில் அவரிடமே செல்லுவது நலம். நோவு மிகும்போது மட்டும் ஓடினால், நோவு மிகுந்தால்தான் நம்மைக் கவனிப்பார்கள் என்று உடல் கற்றுக்கொள்ளும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் சென்று அவரிடம் காட்டுங்கள். வேண்டாதவற்றை அவர் நீக்குவார். மனச்சோர்வு மிகுந்திருப்பின் அதற்குரிய மாத்திரையை அவர் சிறிய அளவில் தொடங்குவார். அது பயன்தரச் சில வாரங்கள் ஆகும். இடையிலே அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. அஃது அறிவை மயக்கும் மருந்து என்று அஞ்சி, ஐந்தாம் சீலம் கெடுமோ என்று ஐயுறுவோர் உளர். மயக்கத்தின் பொருட்டு உண்பதையே அச்சீலம் விலக்குகின்றது. நோய் நீங்க மருத்துவர் தரும் மருந்தைப் பகவான் தம் சங்கத்தார்க்கே அனுமதித்தார்.

பேசுவதும் சிகிச்சையே. இதற்கு நகுலபிதாவின் இல்லத்திலேயே சான்று உளது. ஒருகால் அவர் கடும் நோயுற்றுக் கிடந்தபொழுது, மனைவியார் நகுலமாதா அருகில் அமர்ந்து, கவலையோடு இறத்தல் துன்பமானது, கவலை கொள்ளாதீர்கள் என்று சொல்லி, அவர் உள்ளத்தில் ஓடிய கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். தாம் பஞ்சு நூற்று மக்களைக் காக்க வல்லவர் என்றார். வேறொருவரை மணக்கமாட்டேன் என்றார். பகவானையும் சங்கத்தையும் தரிசிப்பதில் குறையமாட்டேன் என்றார். சீலத்தையும், மன அமைதியையும், தருமத்தில் உறுதியையும் கைவிடேன் என்றார். கவலை நீங்கவே நோயும் நீங்கியது என்று பௌத்த நூல் கூறுகின்றது. நோய் தீர்ந்து எழுந்த நகுலபிதா கோலூன்றிப் பகவானிடம் சென்றார். இத்தகைய துணைவி வாய்த்தது உமக்குப் பேறு என்று பகவான் பாராட்டினார்.

நகுலமாதா செய்ததைக் கூர்ந்து நோக்குங்கள். "கவலைப்படாதே" என்னும் வெறுஞ்சொல்லோடு அவர் நிற்கவில்லை. எதனைப் பற்றிய கவலை என்று அறிந்து, அதற்கு விடை கூறினார். இன்று மனநல மருத்துவமனைகளில், தனித்தமர்ந்து, அச்சங்களை வெளியில் எடுத்து ஆராய்ந்து தெளிவிக்கும் பேச்சுச் சிகிச்சையின் சாரமும் ஏறத்தாழ இதுவே. நம் வீட்டு முதியவரின் வயிற்றுவலிக்குப் பின்னே என்ன கேள்வி மறைந்துள்ளது? எனக்கு முன் அவள் போய்விட்டாளே, இனி எனக்கு யார்? படுத்துவிட்டால் மருமகள் பார்ப்பாளா? என்னை எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? இக்கேள்விகளை அவர் கேளார். நாம்தான் கேட்டு, மெய்யான விடை சொல்லவேண்டும்.

பகவான் இரண்டு அம்புகளின் உவமையைக் கூறியிருக்கின்றார். பயிற்சியில்லாதவன் முதல் அம்பால் உடலில் வலி எய்துகின்றான்; அவ்வலியைப் பற்றிய துயராலும் புலம்பலாலும் உள்ளத்திலே இரண்டாம் அம்பையும் ஏற்கின்றான். பயின்றவனோ முதல் அம்போடு நிற்கின்றான். முதல் அம்பை முதுமை எய்கின்றது. அதனைத் தடுப்பார் இல்லை. இரண்டாம் அம்பு முதியவரின் அச்சத்திலிருந்து மட்டும் வருவதாக எண்ணாதீர்கள். "மறுபடியும் தொடங்கிவிட்டாரா?" என்று அடுத்த அறையிலே நாம் சொல்லும் சொல்லும் அவ்வம்பே. வில் நம் கையிலும் இருக்கின்றது.

வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். இவர் பிறர்க்கு எவ்வுதவியும் செய்ததில்லை, ஆதலின் யாரும் இவரைப் பார்ப்பதில்லை என்று அறிந்தபொழுது, ஆனந்தரோடு தாமே நீர் வார்த்துக் கழுவிக் கட்டிலில் கிடத்தினார். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிசெய்க என்று சங்கத்தைப் பணித்தார். பயன்படுவோரை மட்டும் பேணுவது வாணிகம். பயன்பட இயலாதவரைப் பேணுவதே தருமம். நோயாளியைப் பேணுவோர்க்கு அவர் கூறிய இலக்கணம் ஐந்து: மருந்தைச் சரிவரக் கொடுக்க வல்லவராதல், ஆவது ஆகாதது அறிதல், ஊதியம் கருதாது அன்பாற் செய்தல், கழிவுகளுக்கு அருவருக்காமை, உரிய வேளையில் அறவுரையால் நோயாளியை மகிழ்வித்தல். ஐந்தாவதை நாம் மறந்துவிடுகின்றோம். மகிழ்வித்தலும் மருத்துவத்தின் பகுதி.

முதியோராகிய உங்களுக்கும் சில சொற்கள். நோயாளிக்கும் பகவான் ஐந்து இலக்கணம் கூறினார். அவற்றுள் ஒன்று, நோய் மிகுவதையும் குறைவதையும் உள்ளபடி உரைப்பது. மறைப்பதும் பிழை; மிகைப்படுத்துவதும் பிழை. கபிலவத்துவின் புதிய மண்டபத்திலே பகவான் தமக்கு முதுகு வலிப்பதாகச் சொல்லி, ஆனந்தரை உபதேசிக்கப் பணித்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். முதுமையில் மாலைவெயிலில் முதுகைக் காய்ச்சி அமர்ந்திருந்த அவருடைய கைகால்களைப் பிடித்துவிட்ட ஆனந்தர், தோல் சுருங்கி உறுப்புகள் தளர்ந்தமை கண்டு வியந்தார். முதுமையின் இயல்பு இதுவே என்று பகவான் அமைதியாக விடைபகர்ந்தார். எண்பதாம் ஆண்டில் வேளுவ கிராமத்தில் கொடுநோயுற்று எழுந்தபின், வாரால் கட்டி ஓட்டும் பழைய வண்டிக்குத் தம் உடலை ஒப்பிட்டார். அவரே தம் வலியை வெளியிட்டாராயின், நீங்கள் நாணுவது ஏன்?

நாள்தோறும் இயன்ற அளவு நடவுங்கள். பகலுறக்கத்தைச் சுருக்குங்கள். காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் அமர்ந்து, மூச்சு உட்செல்வதையும் வெளிவருவதையும் கவனியுங்கள்; வலி எழுந்தால், வலி எழுந்தது என்று மட்டும் அறியுங்கள். பகவான் கற்பித்த இவ்விழிப்புணர்வுப் பயிற்சியை 1979-ஆம் ஆண்டில் ஜான் கபாட்சின் என்பார் அமெரிக்காவின் மாசசூசெட்சுப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் நாட்பட்ட வலியுடையோர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். இன்று பல நாட்டு மருத்துவமனைகள் அதனைக் கையாளுகின்றன. அஃது எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்லேன். இரண்டாம் அம்பைத் தடுக்கப் பெரிதும் துணைசெய்யும். உயிர்வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் எழுமாயின், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416. முதியோர் உதவி எண் 14567. வீட்டார் அச்சொல்லைக் கேட்பின், அதனை மிரட்டல் என்று எண்ணாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

நம் சங்கங்களுக்கும் ஒரு கடமை உளது. நகுலபிதாவின் முறையீட்டில் முதன்மையானது, பகவானையும் பிக்குகளையும் வந்து காண முடியவில்லை என்பது. நம் விகாரைக்கு முன்பு தவறாது வந்து, இப்பொழுது வராதிருக்கும் முதியோர் எத்துணையர்? அவர்கள் வரமுடியாவிடின் சங்கம் அவர்களிடம் செல்லட்டும். ஒவ்வொரு பௌர்ணமியிலும் வழிபாடு முடிந்தபின், இருவர் இருவராக அவ்வில்லங்களுக்குச் சென்று, திரிசரணமும் பஞ்சசீலமும் உடன் ஓதி, அரைமணி நேரம் அவர் பேசக் கேட்டு வருவோமாக. அறிவுரை கூற விரையவேண்டாம், முதலிற் கேட்போம்.

மும்மணிகளின் நிழலில் முதியோர் அனைவரும் உடற்பிணி தணிந்து, உள்ளப்பிணி நீங்கி, அச்சமின்றி வாழ்வாராக.

சாது! சாது! சாது!